மே 4, 2000: ‘ஐ லவ் யூ’ வைரஸ் – ஒரு நிகழ்வு ஆய்வு

2000ஆம் ஆண்டு மே 4, வியாழக்கிழமை. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் கிளம்பிய ஒரு மின்னஞ்சல் முதலில் ஆசிய அலுவலகங்களில் பரவியது. ஐரோப்பாவில் ஆட்கள் காலையில் வேலைக்கு வந்து கணினியைப் போட்டபோது, அது அவர்களுடைய இன்பாக்ஸில் வந்து கிடந்தது. அமெரிக்காவில் அலுவலகங்கள் திறப்பதற்குள் அங்கேயும் போய்ச் சேர்ந்துவிட்டது. தலைப்பு, ‘ஐ லவ் யூ’. உள்ளே ஒரே ஒரு வரி: நான் அனுப்பியிருக்கும் காதல் கடிதத்தைத் தயவுசெய்து பாருங்கள். கூடவே ஓர் இணைப்பு. அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவை தன் மின்னஞ்சல் சேவையைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஃபோர்டு கார் நிறுவனம் மின்னஞ்சலைத் துண்டித்துக்கொண்டது. பென்டகன், சிஐஏ என்று அமெரிக்க அரசின் பெரிய இடங்களுக்குள்ளும் அது நுழைந்தது. நஷ்டம் பல நூறு கோடி டாலர் என்று அப்போது கணக்குச் சொன்னார்கள். இந்த மாதிரிக் கணக்குகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வீணான வேலை நேரத்தையும் சர்வர் சுத்தம் செய்த கூலியையும் ஊகமாகப் பெருக்கிச் சொல்லும் தொகை அது; ஆளுக்கு ஆள் மாறும். நாள் முழுக்க உலகின் மின்னஞ்சல் ஸ்தம்பித்தது என்பதே போதுமான அளவுகோல்.

இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கிறார்கள். காதல் கடிதம் என்றதும் ஆட்கள் ஆசைப்பட்டுத் திறந்தார்கள், ஏமாந்தார்கள் என்பார்கள். அந்த இணைப்புக்குள் இருந்த நிரலை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தால் இந்த விளக்கம் போதாது என்பது தெரியும். திறந்தவர் செய்தது ஓர் இரட்டைக் கிளிக். அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் அந்தக் கணினி யாருக்கு வேண்டுமானாலும் செய்துகொடுக்கத் தயாராக வைத்திருந்த வேலைகள். பாதுகாப்பை உடைத்து உள்ளே போகிற வரி என்று ஒன்றுகூட அந்த நிரலில் கிடையாது.

ஃப்ளாப்பியில் இருந்து மெயிலுக்கு

கொஞ்சம் பின்னால் போனால்தான் மே 4 ஏன் அப்படி வெடித்தது என்பது விளங்கும்.

தன்னைத் தானே நகலெடுத்துக்கொள்ளும் நிரல் என்பது பழைய விஷயம். 1982இல் ரிச் ஸ்க்ரென்டா என்ற அமெரிக்கப் பள்ளி மாணவர் ஆப்பிள் 2 கணினிக்காக எழுதிய ‘எல்க் க்ளோனர்’, கோப்புகளை எடுத்துச்செல்லும் ஃப்ளாப்பி வட்டு வழியாகப் பரவியது. 1980களின் நடுவில் ஃப்ரெட் கோஹன் என்ற ஆய்வாளர், மற்ற நிரல்களை மாற்றித் தன் நகலை அவற்றுக்குள் சேர்க்கும் நிரலே வைரஸ் என்று இலக்கணம் வகுத்தார். 1986இல் லாகூரில் இரண்டு சகோதரர்கள் எழுதிய ‘பிரெய்ன்’ வைரஸ் ஐபிஎம் வகைக் கணினிகளின் ஃப்ளாப்பிகளில் தொற்றியது. அதற்குள் அவர்கள் தங்கள் பெயர், கடை முகவரி, தொலைபேசி எண் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்தக் காலத்து வைரஸுக்கு ஒரு பெரிய தடை இருந்தது. அது ஓர் ஊரில் இருந்து இன்னொரு ஊருக்குப் போக, யாராவது ஒருவர் ஃப்ளாப்பியைப் பையில் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஆக, பரவும் வேகம் மனிதர்களுடைய பயண வேகம்தான். தடுப்பு மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு வாரக் கணக்கில் அவகாசம் கிடைத்தது.

மின்னஞ்சல் அந்தத் தடையை எடுத்துவிட்டது. 1999 மார்ச் 26இல் வந்த ‘மெலிஸா’ அதைக் காட்டிக்கொடுத்தது. நியூஜெர்சியைச் சேர்ந்த டேவிட் ஸ்மித் எழுதியது அது. ஒரு வேர்டு கோப்பைத் திறந்தால் அதற்குள் இருந்த மேக்ரோ என்ற குட்டி நிரல், மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கின் முகவரிப் பட்டியலில் முதல் 50 பேருக்குத் தன்னை அனுப்பிக்கொண்டது. நிறுவனங்களின் மெயில் சர்வர்கள் திணறின. ஸ்மித் பிடிபட்டார், பின்னர் 20 மாதச் சிறைத் தண்டனை பெற்றார்.

அதாவது, ஒரு கோப்பு தானாகவே முகவரிப் பட்டியலைத் திறந்து, தானாகவே மெயில் அனுப்ப முடியும் என்பது அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மெலிஸாவுக்கும் ‘ஐ லவ் யூ’வுக்கும் இடையே 13 மாதங்கள். அந்த வழி அடைக்கப்படாமலே இருந்தது. இந்த வழக்கில் என்னை அதிகம் உறுத்துவது இந்த 13 மாதங்கள்தான்.

பெயருக்குள் இருந்த தந்திரம்

இணைப்பின் முழுப் பெயர் ‘லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்’. இதில் இரண்டு எக்ஸ்டென்ஷன்கள், அதாவது புள்ளிக்குப் பின்னால் கோப்பின் வகையைச் சொல்லும் எழுத்துகள், இருக்கின்றன. டிஎக்ஸ்டி என்றால் வெறும் எழுத்துக் கோப்பு. திறந்தால் நோட்பேடில் எழுத்து தெரியும், ஒன்றும் ஆகாது. விபிஎஸ் என்றால் விபி ஸ்கிரிப்ட், அதாவது இயங்கக்கூடிய நிரல். கணினி பார்ப்பது கடைசியில் இருப்பதை மட்டும்தான்.

ஆனால் விண்டோஸ், தனக்குத் தெரிந்த கோப்பு வகை என்றால் அந்தக் கடைசி எக்ஸ்டென்ஷனைக் காட்டாமல் மறைத்துவிடும். பார்க்க அழகாக இருக்கட்டும், புதியவர்கள் பெயர் மாற்றும்போது தெரியாமல் அழித்துவிடாமல் இருக்கட்டும் என்பதற்காக வைத்த ஏற்பாடு. அதனால் பயனர் கண்ணுக்கு விபிஎஸ் மறைந்து, டிஎக்ஸ்டி என்று முடியும் பெயர் தெரிந்தது. எழுத்துக் கோப்பு ஆபத்தில்லாதது என்பது அன்றைக்கு விவரம் தெரிந்தவர்களே சொல்லிக்கொடுத்த பாடம். இணைப்பின் வகையைப் பார்த்து யோசித்துத் திறந்த ஜாக்கிரதையான ஆளும் இங்கே மாட்டினார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

அனுப்பியவர் பெயரும் அப்படித்தான். முன்பின் தெரியாதவரிடம் இருந்து வரவில்லை. மேலாளரிடம் இருந்து, பக்கத்து மேஜைக்காரரிடம் இருந்து, பழைய வகுப்புத் தோழரிடம் இருந்து வந்தது. உண்மையிலேயே அவர்களுடைய கணக்கில் இருந்துதான் வந்தது.

கிளிக் செய்தபின்

இரட்டைக் கிளிக் செய்ததும் விண்டோஸ் ஸ்கிரிப்டிங் ஹோஸ்ட் என்ற பகுதி அந்த நிரலை இயக்கியது. விண்டோஸ் 98இலேயே அது சேர்ந்து வந்திருந்தது. கணினி நிர்வாகிகள் தினசரி வேலைகளைத் தானியக்கமாகச் செய்துகொள்வதற்கான வசதி. வீட்டில் கடிதம் தட்டச்சு செய்கிறவருக்கு வாழ்நாளில் ஒரு தடவைகூடத் தேவைப்படாதது. ஆனாலும் எல்லோருடைய கணினியிலும் அது விழித்துக்கொண்டு இருந்தது. மேக் கணினியிலும் லினக்ஸிலும் இந்த வசதி இல்லாததால் அங்கே வைரஸ் இயங்கவில்லை.

நிரல் மொத்தமே சுமார் 10 கிலோபைட். தலையில் சில குறிப்பு வரிகள்: ‘பாரோக்’ என்ற பெயர், பள்ளிக்குப் போவது பிடிக்கவில்லை என்ற ஒரு புலம்பல், ‘ஸ்பைடர்’ என்ற புனைபெயர், ஒரு குழுவின் பெயர், மணிலா, பிலிப்பைன்ஸ். அதற்கு அடுத்து முதல் கட்டளை: எங்கே பிழை வந்தாலும் நின்றுவிடாதே, அடுத்த வரிக்குப் போ. சரியாகச் சோதிக்காத நிரலையும் எப்படியோ ஓடவைக்க, அரைகுறையாக நிரல் எழுதப் பழகியவர்கள் எல்லோரும் போடும் கட்டளைதான் இது. ஏதோ ஒரு கணினியில் ஏதோ ஒரு ஃபோல்டர் இல்லை என்றாலும் மற்ற வேலைகள் தடைபடாமல் நடந்ததற்கு இந்த ஒரு வரியே காரணம்.

அப்புறம் ஒரு நுணுக்கம். ஸ்கிரிப்ட் ஒன்று ரொம்ப நேரம் ஓடினால் அதை நிறுத்திவிடும் கால வரம்பு ஒன்றை விண்டோஸில் வைக்க முடியும். நிரல் முதலில், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் அப்படி வரம்பு ஏதாவது வைத்திருக்கிறதா என்று பார்த்தது. இருந்தால் அதைப் பூஜ்யமாக்கியது. தன்னைத் தடுக்கக்கூடிய ஒரே கடிகாரத்தையும் நிறுத்திவிட்டுத்தான் வேலையை ஆரம்பித்தது. எந்த அனுமதியும் கேட்கப்படவில்லை.

அடுத்து, விண்டோஸின் சொந்தக் கோப்பு போலத் தோன்றும் பெயர்களில் தன்னை நகலெடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை கணினி தொடங்கும்போதும் தானும் தொடங்கும்படி ரெஜிஸ்ட்ரியில் பதிந்துகொண்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் முகப்புப் பக்கத்தை மாற்றியது. மணிலாவின் ஸ்கை இன்டர்நெட் நிறுவனத்தின் சர்வரில் நான்கு பக்கங்கள் தயாராக இருந்தன; ஏதோ ஒன்றைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தது. அடுத்த தடவை பிரவுசரைத் திறந்தால், பிழைகளைச் சரிசெய்யும் கோப்பு என்று நம்பவைக்கும் பெயருடன் ஒரு நிரல் இறங்கும். அது கணினியில் இருக்கும் பாஸ்வேர்டுகளைத் திரட்டி பிலிப்பைன்ஸில் உள்ள ஒரு மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பும். இறங்கி முடிந்ததும் முகப்புப் பக்கம் வெற்றுப் பக்கமாக மாறிவிடும். இந்த வைரஸின் உண்மையான நோக்கம் இந்தப் பாஸ்வேர்டு திருட்டுதான். விஷயம் தெரிந்ததும் ஸ்கை இன்டர்நெட் அந்தப் பக்கங்களை எடுத்துவிட்டது. ஆக, நோக்கம் சீக்கிரமே செத்துப்போனது. பரவல் மட்டும் தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

பரவல் நடந்த விதம் இது. நிரல் அவுட்லுக்கைக் கூப்பிட்டு, இருக்கிற முகவரிப் பட்டியல் எல்லாவற்றையும் கேட்டது. அவுட்லுக் கொடுத்தது. ஒவ்வொரு பட்டியலிலும் ஒவ்வொரு முகவரிக்கும் புதிதாக ஒரு மெயில் தயாரித்து, தலைப்பும் அந்த ஒற்றை வரியும் போட்டு, தன் நகலை இணைத்து, அனுப்பு என்றது. அவுட்லுக் அனுப்பியது. வீட்டுக்கு வந்த தபால் ஒன்று தானே எழுந்து போய் உங்கள் பீரோவைத் திறந்து, முகவரி டைரியை எடுத்து, உங்கள் கையெழுத்திலேயே எல்லோருக்கும் கடிதம் எழுதிப் போடுவது போன்ற காரியம் இது. யாருக்கெல்லாம் அனுப்பியாயிற்று என்பதையும் ரெஜிஸ்ட்ரியில் குறித்துக்கொண்டது, ஒருவருக்கே திரும்பவும் போய்விடக் கூடாது என்பதற்காக.

மெலிஸா 50 பேரோடு நிறுத்திக்கொண்டது. இதற்கு அந்த உச்சவரம்பு இல்லை. பெரிய நிறுவனங்களில் முகவரிப் பட்டியல் என்றால் ஊழியர்கள் அத்தனை பேரும் அதில் இருப்பார்கள். 5,000 பேர் உள்ள ஓர் அலுவலகத்தில் 20 பேர் மட்டும் திறந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள்: சில நிமிடங்களில் ஒரு லட்சம் மெயில். மிச்சம் 4,980 பேரும் கவனமாக இருந்தாலும் சர்வர் படுத்துவிடும். ‘திறக்காதீர்கள்’ என்ற எச்சரிக்கையை அனுப்பவும் அதே மெயில்தான் வழி, அதுவும் நகராது. ஆள் விட்டு, ஃபோன் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது.

கோப்புகளுக்கு நடந்தது இன்னும் மோசம். கணினியின் எல்லா டிரைவ்களிலும், அதில் இணைத்திருந்த நெட்வொர்க் டிரைவ்களிலும்கூட, ஒவ்வொரு ஃபோல்டராகப் போய்ப் பார்த்தது. ஜேபெக் படம் கிடைத்தால் அதன் உள்ளடக்கத்தை அழித்து, அந்த இடத்தில் தன்னையே எழுதி, பெயருக்குப் பின்னால் விபிஎஸ் என்று சேர்த்தது. ஸ்கிரிப்ட் கோப்புகளுக்கும், வலைப்பக்க வடிவமைப்புக் கோப்புகளுக்கும் அதே கதிதான். எம்பி3 பாட்டுகளை மட்டும் ஏனோ விட்டுவைத்தது. அசலை மறைத்துவிட்டு, அதே பெயருடன் விபிஎஸ் சேர்த்துத் தன் நகலை வைத்தது. மறைத்ததை மீட்க முடியும். மேலெழுதியதை மீட்க முடியாது. ஹாம்பர்க்கின் அபெண்ட்ப்ளாட் நாளிதழ் தன் காப்பகத்தில் இருந்த டிஜிட்டல் புகைப்படங்களை இப்படி இழந்தது. பேக்கப் வைக்காமல் குடும்பப் படங்களைச் சேர்த்து வைத்திருந்தவர்களுடைய இழப்பு எந்த டாலர் கணக்கிலும் வரவில்லை.

நெட்வொர்க் வழியாகத் தானே நகர்வதால் இதை வார்ம் என்பார்கள். கோப்புகளைத் தன் நகலால் நிரப்புவதால் வைரஸ் என்பதும் பொருந்தும். மக்கள் வைத்த பெயர் ‘லவ் பக்’.

திறந்த புத்தகமாக வந்த நிரல்

வழக்கமான வைரஸ் இயந்திர மொழியில் இருக்கும். பிரித்துப் படிக்கத் தேர்ச்சி வேண்டும். இது ஸ்கிரிப்ட் என்பதால், யாருக்கு வந்ததோ அவர் நோட்பேடில் திறந்து மூல நிரலை அப்படியே படிக்கலாம். இரண்டு வரியை மாற்றி மறுபடி அனுப்பவும் செய்யலாம்.

சில நாட்களுக்குள் ஏகப்பட்ட மாற்று வடிவங்கள் வந்துவிட்டன. ‘ஜோக்’ என்று ஒன்று. மே 14 அன்னையர் தினம் என்பதால், அன்னையர் தினப் பரிசுக்காக உங்கள் கிரெடிட் கார்டில் 300 டாலருக்கு மேல் எடுத்துவிட்டோம், ரசீதைப் பாருங்கள் என்று இன்னொன்று. அதைக் காதல் ஆசையால் யாரும் திறக்கவில்லை, பதறிப்போய்த் திறந்தார்கள். ஆசையே காரணம் என்ற விளக்கம் இங்கேயே உடைந்துவிடுகிறது. தூண்டில் எதுவாக இருந்தாலும் அடியில் இருந்த வழி ஒன்றேதான்.

எச்சரிக்கை அமைப்புகளும் அன்றைக்குக் கை கொடுக்கவில்லை. அமெரிக்கத் தலைமைத் தணிக்கை அலுவலகம் அதே மாதம் நாடாளுமன்றக் குழுவிடம் கொடுத்த சாட்சியத்தில், எஃப்பிஐயின் கீழ் இயங்கிய உள்கட்டமைப்புப் பாதுகாப்பு மையத்துக்குக் காலை 5.45க்கே தகவல் வந்துவிட்டது என்றும், அதன் இணையதளத்தில் எச்சரிக்கை வந்தது 11 மணிக்கு என்றும் சொல்லியிருந்தது. அதற்குள் பல அரசுத் துறைகள் மாட்டிவிட்டன. ஃப்ளாப்பி காலத்துக்கு ஐந்து மணி நேரம் என்பது மின்னல் வேகம். இந்த நிரலுக்கு அது ஒரு யுகம்.

மணிலாவில்

தடம் பிடிப்பது கடினமாக இல்லை. நிரலிலேயே ஊர் பெயர் இருந்தது. பக்கங்கள் மணிலா சர்வரில் இருந்தன. தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்துக்குப் போகும் டயல்-அப் இணைப்பின் எண்ணை வைத்து, பிலிப்பைன்ஸின் தேசியப் புலனாய்வுத் துறை எஃப்பிஐ உதவியுடன் மணிலாவின் பண்டாக்கன் பகுதியில் ஓர் அடுக்கக வீட்டைக் கண்டுபிடித்தது. மே 8இல் அங்கே இருந்த ஒரு வங்கி ஊழியரைக் கைது செய்து, போதிய ஆதாரம் இல்லாமல் விடுவித்தார்கள். பிறகு வெளிச்சத்துக்கு வந்தவர் ஓனெல் டி குஸ்மான். ஏஎம்ஏ கம்ப்யூட்டர் காலேஜில் படித்தவர், இருபதுகளில் இருந்த இளைஞர். மே 11இல் வழக்கறிஞருடன் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். தவறுதலாக வெளியே போயிருக்கலாம் என்பதற்கு மேல் அவர் ஒன்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

கல்லூரியில் அவர் கொடுத்திருந்த ஆய்வுத் திட்டம் முக்கியமான ஆவணம். மற்றவர்களுடைய இன்டர்நெட் பாஸ்வேர்டை எடுக்கும் ஒரு நிரலை அதில் முன்மொழிந்திருந்தார். பணம் கொடுத்து இணையத்தில் நேரம் செலவழிக்க முடியாத வளரும் நாட்டு மக்களுக்கு இது உதவும் என்பது அவருடைய வாதம். இது சட்டவிரோதம், இங்கே நாங்கள் திருடர்களை உருவாக்குவதில்லை என்று கல்லூரித் தரப்பில் ஓரத்தில் எழுதித் திட்டத்தை நிராகரித்துவிட்டார்கள். நிராகரித்தது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் பின்னால் இருந்த ஏக்கம் பொய்யில்லை. நிமிடக் கணக்கில் காசு கொடுத்து டயல்-அப் போட்ட காலத்தை, பிரவுசிங் சென்டரில் மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்த நம் ஊர் மாணவர்களும் அறிவார்கள்.

வழக்கு நிற்கவில்லை. கணினியில் ஊடுருவுவதையோ வைரஸ் பரப்புவதையோ குற்றம் என்று சொல்லும் சட்டம் அன்றைக்குப் பிலிப்பைன்ஸில் இல்லை. கிரெடிட் கார்டு மோசடிக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் பொருத்திப் பார்த்தார்கள், பொருந்தவில்லை. ஆகஸ்டில் நீதித் துறை குற்றச்சாட்டுகளைக் கைவிட்டது. இடையில் ஜூன் 14இல் மின்வணிகச் சட்டம் 8792 கையெழுத்தாகி, ஊடுருவலுக்கும் வைரஸ் பரப்புவதற்கும் அபராதமும் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும் என்று வந்துவிட்டது. ஆனால் மே மாதச் செயலுக்கு ஜூன் மாதச் சட்டத்தைப் போட முடியாது. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. சட்டம் பின்னோக்கிப் பாய்வதை அனுமதித்தால் அதைவிடப் பெரிய ஆபத்து.

கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் கழித்து, 2019இல், ஜெஃப் ஒயிட் என்ற பிரிட்டிஷ் பத்திரிகையாளர் டி குஸ்மானை மணிலாவில் தேடிக் கண்டுபிடித்தார். ஒரு சிறிய செல்ஃபோன் பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். தான்தான் எழுதினேன் என்று அப்போது ஒப்புக்கொண்டார். முதலில் எழுதியது, சாட் அறைகளில் மணிலாக்காரர்களுக்கு மட்டும் அனுப்பி அவர்களுடைய டயல்-அப் பாஸ்வேர்டை எடுக்கும் நிரலாம். வேறு ஊர்ப் பாஸ்வேர்டு அவருக்கு உதவாது. பின்னால் அந்த எல்லையை எடுத்துவிட்டு, அவுட்லுக் வழியாகத் தானே பரவும் பகுதியைச் சேர்த்து, சிங்கப்பூரில் ஒருவருக்கு அனுப்பிவிட்டு, நண்பருடன் குடிக்கப் போய்விட்டார். மணிலாவில் ஒரு ஹேக்கரைப் போலீஸ் தேடுகிறது என்பதைத் தன் அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டார்.

அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. திருடத்தான் எழுதினார், அடுத்தவர் படங்களை அழிக்கும் வரிகளையும் தெரிந்தே எழுதினார். ஆனாலும் ஒரு மாணவருடைய 10 கிலோபைட் ஸ்கிரிப்ட் பென்டகன் வரை போனதற்கு அவருடைய திறமை காரணம் இல்லை.

அடைத்த வழிகளும் அடைக்காத வழியும்

அவுட்லுக்கிற்கான பாதுகாப்பு மேம்பாட்டை மைக்ரோசாஃப்ட் ஜூன் மாதமே வெளியிட்டது. விபிஎஸ், எக்ஸ்இ போன்ற இணைப்புகளைத் திறக்கவே விடாமல் தடுத்தது. வேறொரு நிரல் முகவரிப் பட்டியலைக் கேட்டாலோ மெயில் அனுப்ப முயன்றாலோ பயனரிடம் அனுமதி கேட்டது. ஒரு மாதத்தில் செய்ய முடிந்த வேலை அது. மெலிஸா வந்த வருடமே செய்திருக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான். இணையத்தில் இருந்து வரும் ஆபீஸ் கோப்புகளின் மேக்ரோக்களை இயல்பாகவே தடுக்கும் முடிவு நடைமுறைக்கு வர 2022 ஆயிற்று. விபி ஸ்கிரிப்டை விண்டோஸில் இருந்து படிப்படியாக எடுத்துவிடப் போவதாக 2023இல் அறிவித்தார்கள்.

தந்திரம் இப்போது செல்ஃபோனுக்கு இடம் மாறியிருக்கிறது. தெரிந்தவர் எண்ணில் இருந்து வாட்ஸ்அப்பில் திருமண அழைப்பிதழ் என்று ஒரு கோப்பு வரும். அது பிடிஎஃப்போ படமோ இல்லை, ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டில் நிறுவப்படும் செயலி. நிறுவிவிட்டால் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபியைப் படிக்கும், உங்கள் தொடர்புகளுக்குத் தன்னை அனுப்பும். இந்தியாவில் பல மாநிலங்களில் போலீஸார் இதைப் பற்றி எச்சரித்துவிட்டார்கள். நல்லவேளையாக ஆண்ட்ராய்டு நடுவில் ஒரு முறையாவது கேட்கிறது: தெரியாத இடத்தில் இருந்து வந்த செயலியை நிறுவலாமா என்று. அந்தக் கேள்வி வந்தால் அழைப்பிதழ் இல்லை என்று அர்த்தம். அங்கேயே நிறுத்திவிட்டு, அனுப்பியவருக்கு ஃபோன் போட்டுச் சொல்லுங்கள். அவருடைய ஃபோன் ஏற்கெனவே மோசடிக்காரர்களின் கட்டுப்பாட்டுக்குப் போயிருக்கும்.

கணினியில் இன்னும் சரிசெய்யாத ஒன்று இருக்கிறது. புதிதாக வாங்கும் விண்டோஸ் 11 கணினியிலும் தெரிந்த கோப்பு வகைகளின் எக்ஸ்டென்ஷன் இயல்பாக மறைந்தே இருக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, மேலே ‘வியூ’, அதில் ‘ஷோ’, அதில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்துவிடுங்கள். வீட்டில் அப்பா, அம்மா பயன்படுத்தும் கணினியிலும் அதையே செய்துவைத்துவிட்டு, எக்ஸ்இ, விபிஎஸ், ஜேஎஸ் என்று முடிந்தால் தொடாதே என்று சொல்லிவையுங்கள்.